வரப்பேறி வந்த அரசு

1905-இல் வர்ஜீனியாவின் லூயிசா கவுண்டிக்கு மண் கணக்கெடுக்க இரண்டு இளைஞர்களை அனுப்பியது அமெரிக்க வேளாண் துறை. அவர்களில் ஒருவர் ஹியூ ஹேமண்ட் பென்னட். வட கரோலினாவின் பருத்திச் சீமையில் பிறந்தவர். வயது 24, வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம். அந்த வட்டாரத்து நிலம் ஏன் விளைச்சல் செத்துக் கிடக்கிறது என்று கண்டு சொல்வதுதான் அவர்களுக்கு இட்ட வேலை.

ஒரு சரிவில் இரண்டு துண்டு நிலம் அடுத்தடுத்துக் கிடந்தது. ஒன்றில் காடு. அதன் மண் பொலபொலவென்று ஈரமாக இருந்தது, வெறுங்கையாலேயே தோண்டலாம். அதை ஒட்டினாற்போல் நெடுங்காலம் உழுத வயல். அங்கே களிமண் கட்டாந்தரையாக இறுகிக் கிடந்தது, கிட்டத்தட்ட கல். சரிவு ஒன்று, அடியிலிருந்த பாறை ஒன்று, பெய்த மழையும் ஒன்று. அப்படியானால் வயலின் மேல்மண் எங்கே? மழைக்கு மழை சன்னமான ஏடாக, யார் கண்ணிலும் படாமல் சரிவிறங்கிப் போய்விட்டது. ஓடை வெட்டிக்கொண்டு போயிருந்தால் உழவர் பார்த்திருப்பார், கல்லும் மரமும் போட்டு அடைத்திருப்பார். வயல் முழுவதும் ஒரே சீராக மெலிந்தால் யாருக்கும் தெரிவதில்லை. விளைச்சல் குறைகிறது, மண் களைத்துவிட்டது என்கிறார்கள், அடுத்த காட்டை வெட்டப் போகிறார்கள்.

பென்னட்டுக்குச் சம்பளம் கொடுத்த அலுவலகமே இதை நம்பவில்லை. அவருடைய தலைமை அதிகாரி மில்டன் விட்னி 1909-இல் வெளியிட்ட அறிக்கை, மண் என்பது அழிக்க முடியாத, தீர்ந்துபோகாத தேசியச் சொத்து என்றது. அழியாத ஒன்றைக் காக்க யார் பணம் ஒதுக்குவார்கள்? இருபது வருடத்துக்கு மேல் பென்னட் ஊர் ஊராக மண்ணைத் தோண்டிப் பார்த்தார், எழுதினார், கூட்டங்களில் குரலை உயர்த்தினார். 1928-இல் டபிள்யூ. ஆர். சாப்ளைனோடு சேர்ந்து அவர் எழுதிய சிறு வெளியீடு, மண் அரிப்பு நாட்டுக்கே வந்த ஆபத்து என்று தலைப்பிலேயே சொன்னது. டெக்சாஸின் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் புக்கானன் அதன்பின் மண் அரிப்பு ஆராய்ச்சிக்கென்று 1,60,000 டாலர் வாங்கித் தந்தார். சில இடங்களில் சோதனை நிலையங்கள் முளைத்தன. எவ்வளவு மழைக்கு எவ்வளவு மண் போகிறது, புல் இருந்தால் எவ்வளவு, மக்காச்சோளம் இருந்தால் எவ்வளவு என்று தொட்டி வைத்துப் பிடித்து நிறுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் அரித்துப்போகும் நிலம் அரசுடையது அல்ல. அமெரிக்க நிலப்பரப்பில் சுமார் 60 சதவீதம் தனியாருக்குச் சொந்தம், உழவு நிலம் ஏறக்குறைய முழுவதுமே தனியார் கையில். காட்டை அரசு வாங்கித் தேசியக் காடு என்று பலகை வைக்கலாம். பால்மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் 160 ஏக்கரை என்ன செய்வது? வாங்க முடியாது, கட்டளையிடவும் முடியாது. ஆலோசனைத் துண்டறிக்கை அனுப்பலாம், அதை அதுவரை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த விளைச்சலுக்கே கடன் வாங்கி நிற்கிறவர் முப்பது வருடத்துக்குப் பிறகு வரப்போகும் பலனுக்காக இன்றைக்கு மேய்ச்சலை விட்டுக்கொடுக்க மாட்டார். அது அறியாமையும் அல்ல, பேராசையும் அல்ல. அந்தக் கணக்கு அவருக்குக் கட்டாது, அவ்வளவுதான். தனியார் நிலத்தில் இயற்கையைக் காக்க அரசு பணமும் தொழில்நுட்ப உதவியும் தருவது என்று இன்று உலகெங்கும் பழகிப்போன ஏற்பாடு, அமெரிக்காவைப் பொறுத்தவரை, இந்தக் கட்டாத கணக்கிலிருந்துதான் பிறந்தது.

1933-இல் நாடு பொருளாதார வீழ்ச்சியின் அடியில் கிடந்தது. புதிதாக வந்த ரூஸ்வெல்ட் அரசு வேலை கொடுப்பதற்காகப் பணத்தை இறக்கியது. அதில் 50 லட்சம் டாலர் மண் அரிப்புத் தடுப்புக்கு ஒதுக்கப்பட்டது. உள்துறையின் கீழ் மண் அரிப்புப் பணியகம் என்று தற்காலிகமாக ஒன்று தொடங்கி, செப்டம்பரில் பென்னட்டை அதன் தலைவராக்கினார்கள். அந்தப் பணத்தை நாடு முழுவதும் தூவியிருந்தால் தடமே இருந்திருக்காது. பென்னட் வேறு வழி எடுத்தார். ஒரு ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் எடுத்துக்கொள்வோம், அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து செய்து காட்டுவோம், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்க்கட்டும் என்றார். முதலில் அமைந்த இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள கூன் பள்ளத்தாக்கு, சுமார் 90,000 ஏக்கர்.

பழைய பனியுகத்தின் பனிப்பாறைகள் தொடாமல் விட்டுப்போன வட்டாரம் அது. அதனால் குன்றுகள் செங்குத்தாக நிற்கும், நடுநடுவே ஆழமான பள்ளத்தாக்குகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் முதலில் கோதுமை போட்டார்கள், பிறகு பால்மாட்டுக்கு மாறினார்கள். நில அளவை சதுரம் சதுரமாக இருந்ததால் வயலும் சதுரமாக அமைந்தது, ஏர் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓடியது. ஒவ்வொரு உழவுச்சாலும் மழைநீருக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால். உழ முடியாத செங்குத்தான காட்டுச் சரிவில் மாடுகள் மேய்ந்தன. குளம்பு பட்டு இறுகிய அந்தத் தரையில் தண்ணீர் இறங்கவில்லை, உருண்டோடியது. கோடை மழை ஒன்று பெய்தால் மேட்டு மண் கீழே வந்து பாலத்தையும் பாதையையும் அடிநிலப் புல்வெளியையும் மூடியது. ஒருகாலத்தில் டிரவுட் மீன் துள்ளிய ஓடைகள் கலங்கிச் சேறாகின.

அங்கே அரசு வைத்த ஒப்பந்தம் எளிமையானது. ஐந்து வருடத்துக்கு இந்தத் திட்டப்படி நிலத்தைப் பயன்படுத்துவதாக உழவர் கையெழுத்துப் போடுவார். பதிலுக்கு அரசு விதை, சுண்ணாம்பு, உரம், வேலிக் கம்பி, கருவிகள் தரும். குடிமைப் பாதுகாப்புப் படை என்ற பெயரில் முகாமில் தங்கியிருந்த வேலையற்ற இளைஞர்கள் வந்து ஓடையின் கரையைக் கட்டுவார்கள், மரம் நடுவார்கள், வேலி போடுவார்கள். மாதம் 30 டாலர் கூலியில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிய பையன்கள் அவர்கள். உழவரும் தன் உழைப்பைப் போட வேண்டும். சேர விருப்பமில்லை என்றால் சேர வேண்டாம். கட்டாயம் கிடையாது.

கேட்டதை எல்லாம் உழவர் எப்படிக் கொடுத்தார் என்பதைத்தான் நான் இந்தக் கதையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். மேட்டுச் சரிவில் மாட்டை விடாதே என்கிறார்கள். மாடு என்ன தின்னும்? அதற்குப் பதில் இல்லாமல் எந்தக் குடும்பமும் ஒத்துக்கொள்ளாது. பதில் கீழே மென்சரிவில் இருந்தது. அங்கே குதிரைமசால் போட்டால் மேட்டுக் காட்டில் கிடைத்ததைவிடப் பல மடங்கு தீவனம் கிடைக்கும். ஆனால் அந்தப் புளிப்பு மண்ணில் குதிரைமசால் பிடிக்காது, சுண்ணாம்பு போட்டாக வேண்டும். சுண்ணாம்பு வாங்கக் காசில்லை. அரசு சுண்ணாம்பைக் கொடுத்தது. குதிரைமசால் வந்தது, மாடு மேட்டைவிட்டு இறங்கியது, மேட்டில் காடு திரும்ப மூடியது, தண்ணீர் தரையில் இறங்கத் தொடங்கியது. சுண்ணாம்பின் விலை சொற்பம். ஆனால் மாட்டை மேட்டிலிருந்து இறக்க வழி சுண்ணாம்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, மண் தெரிந்தவர், பயிர் தெரிந்தவர், காடு தெரிந்தவர் எல்லாரும் அந்த ஒரு பண்ணையை உழவரோடு சேர்ந்து கால்நடையாகச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். வெறும் பணத்தை நீட்டியிருந்தால் வேலி மட்டும் போட்டிருப்பார்கள், மாட்டுக்குப் பசித்ததும் வேலியைப் பிடுங்கியிருப்பார்கள்.

வயல்களின் உருவமே மாறியது. சதுரங்கள் போய், குன்றின் இடுப்பைச் சுற்றி வளையும் பட்டைகள் வந்தன. ஒரு பட்டையில் மக்காச்சோளம், அடுத்ததில் ஓட்ஸ், அடுத்ததில் தீவனப்புல். மக்காச்சோளப் பட்டையிலிருந்து கழன்றுவரும் மண்ணைப் புல் பட்டை பிடித்து நிறுத்திவிடும். வருடாவருடம் பட்டைகள் இடம் மாறும். இரண்டு வருடத்துக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் பாதிக்குப் பாதி உழவர்கள் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்போது புதிதாகப் பேராசிரியரான ஆல்டோ லியோபோல்ட் இந்தத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தார். அவருடைய மகன்கள் ஸ்டார்க்கரும் லூனாவும் அங்கே வேலை பார்த்தார்கள். அதற்குமுன் அரசின் பாதுகாப்புப் பணிகள் ஒன்றையொன்று கெடுத்ததை லியோபோல்ட் பார்த்திருந்தார். ஒரு குழு ஓடையில் மீனுக்காக வேலை செய்யும், மேலே இன்னொரு குழு சாலைக்காகக் கரையை வெட்டி அதே ஓடையைக் கலக்கும். கூன் பள்ளத்தாக்கில் மண், காடு, மீன், பறவை, பால் எல்லாவற்றையும் ஒரே பண்ணையின் ஒரே வரைபடத்தில் போட்டுப் பேசியது அவருக்குப் பெரிய நம்பிக்கை தந்தது. வேலிக்கு வெளியே விட்ட மூலைகளில் காடைக்கும் கௌதாரிக்கும் புதர் வைத்தார்கள். 1935-இல் அவர் இதைப் பற்றி உற்சாகமாக எழுதினார். அதே மனிதர் பின்னால் என்ன சொன்னார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இவ்வளவும் தற்காலிகப் பணத்தில் நடந்தது. நிலைக்க வைத்தது புழுதி. பெருஞ்சமவெளியில் புல்லைப் பெயர்த்துக் கோதுமை போட்ட நிலங்கள் வறட்சியில் காற்றோடு எழுந்தன. 1934 மே மாதம் ஒரு புழுதிப் புயல் சிகாகோவையும் நியூயார்க்கையும் தாண்டி அட்லாண்டிக் கடலில் போன கப்பல்கள் மேலும் மண்ணைக் கொட்டியது. மறு வருடம் செனட் குழுவின் முன் பென்னட் சாட்சி சொன்னபோது, இன்னொரு புயல் வாஷிங்டனை நோக்கி வருவதை அறிந்து வேண்டுமென்றே பேச்சை நீட்டினார் என்றும், ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியதும் உறுப்பினர்கள் எழுந்துபோய்ப் பார்த்தார்கள் என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சொல்லச் சொல்ல மெருகேறிய கதையாக இருக்கலாம். தேதிகள் மட்டும் உறுதியானவை. ஏப்ரல் 14 அன்று சமவெளியில் பகல் இரவானது, கறுப்பு ஞாயிறு என்று பெயர் வாங்கியது. ஏப்ரல் 27 அன்று ரூஸ்வெல்ட் மண் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. வேளாண் துறைக்குள் மண் பாதுகாப்புப் பணியகம் நிரந்தரமானது, பென்னட்டே அதன் தலைவர்.

நிரந்தரமானதும் ஒரு சிக்கல். வாஷிங்டன் அதிகாரி ஒவ்வொரு உழவரோடும் நேரடியாக ஒப்பந்தம் போட்டு எத்தனை காலம் ஓட்ட முடியும்? மாநில அரசுகளுக்கு முன்மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதி 1937 பிப்ரவரியில் எல்லா ஆளுநர்களுக்கும் அனுப்பினார் ரூஸ்வெல்ட். உள்ளூர் நில உடைமையாளர்கள் வாக்களித்து மண் பாதுகாப்பு மாவட்டம் அமைத்துக்கொள்ளலாம், தங்களுக்குள் மேற்பார்வையாளர்களைத் தேர்ந்தெடுக்கலாம். மத்திய அரசு ஆட்களையும் அறிவையும் அனுப்பும், உள்ளூர்க்காரர்கள் எங்கே எப்படி என்று முடிவு செய்வார்கள். முதலில் பதிவான மாவட்டங்களில் முன்னால் நிற்பது வட கரோலினாவின் பிரவுன் கிரீக். அது அன்சன் கவுண்டியில் இருக்கிறது, பென்னட் பிறந்த மண். 1945-க்குள் அன்றிருந்த 48 மாநிலங்களும் இந்தச் சட்டத்தை இயற்றிவிட்டன. இன்று அப்படி ஏறத்தாழ 3,000 மாவட்டங்கள். உழவருக்குப் பழக்கமான முகம் ஒன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால்தான் அரசு அவருடைய வரப்பில் ஏற முடிந்தது என்று நம்புகிறேன்.

இதுவரை சொன்னது அறிவு வந்த வழி. பணம் வேறு வாசலில் வந்தது, அதன் பிறப்பு இவ்வளவு சுத்தமானதும் அல்ல. 1933-இலேயே பயிர் விலையை உயர்த்துவதற்காக உழவர்களுக்குக் காசு கொடுத்து விதைப்பைக் குறைக்கச் சொன்னது அரசு. முளைத்து நின்ற பருத்தியையே உழுது மடக்கினார்கள். ஆலைகள் மீது போட்ட வரியில் அந்தப் பணம் வந்தது. 1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. எட்டு வாரம் முடிவதற்குள், பிப்ரவரி 29 அன்று, புதுச் சட்டம் வந்தது. இனி பருத்தியைக் குறைப்பதற்குக் காசில்லை. மண்ணை உறிஞ்சும் பயிரை விட்டு மண்ணை வளர்க்கும் புல்லுக்கும் பயறு வகைக்கும் மாறினால் காசு. உறிஞ்சும் பயிர் என்ற பட்டியலில் இருந்தவை கோதுமை, பருத்தி, மக்காச்சோளம், புகையிலை. சந்தையில் மிஞ்சிக்கிடந்தவையும் ஏறக்குறைய அவையேதான். மண்ணைக் காப்பதற்கு உழவருக்குப் பணம் என்ற கொள்கை நாடு முழுவதும் பரவியது விலையைக் காப்பாற்றும் அவசரத்தில். இருந்தாலும் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் குளம் வெட்ட, வரப்பு போட, சுண்ணாம்பு வாங்க ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும் பழக்கம் வேரூன்றியது.

நிலச் சொந்தக்காரருக்கு உதவி என்றால் நிலமில்லாதவருக்கு என்ன? தெற்கின் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுத குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருந்தன, கறுப்பர்களும் வெள்ளையர்களும். விதைப்பைக் குறைக்கக் கொடுத்த பணம் நில உடைமையாளரிடம் போனது. பங்கு கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தும் பலர் கொடுக்கவில்லை. குறைந்த வயலுக்கு வாரக்குடி எதற்கு என்று குடும்பங்களை வெளியேற்றினார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்சாஸின் டைரோன்சா ஊரில் கறுப்பு, வெள்ளை உழவர்கள் ஒன்றாகச் சேர்ந்து தெற்கு வாரக்குடிகள் சங்கம் தொடங்கியது இந்த அநியாயத்தை எதிர்த்துத்தான். அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. பாகப்பிரிவினை ஆகாமல் கூட்டாகக் கிடக்கும் நிலத்துக்குத் தெளிவான பத்திரம் இல்லை என்பதால் எத்தனையோ கறுப்பின உழவர்களுக்கு இந்த உதவிகளின் கதவே திறக்கவில்லை. அவர்களும் வேறு ஆவணங்களைக் காட்டி உள்ளே வரலாம் என்று சட்டம் வழிவிட்டது 2018-இல்தான். பாதுகாப்பு உதவியைப் பற்றிப் புகழ்ந்து பேசும் எவரும் இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

பணம் ஓர் அலுவலகத்திலும் அறிவு இன்னோர் அலுவலகத்திலும் வளர்ந்ததால் நேர்ந்த கோணல்கள் பல. இரண்டுக்கும் இடையே பல வருடம் பனிப்போர். மிகப் பெரிய கோணல், அரசின் அதே பாதுகாப்புப் பணம் சதுப்பு நிலத்தை வடிப்பதற்கும் போனது. வடக்குச் சமவெளியின் வயல்களுக்கு நடுவே பனிப்பாறைகள் விட்டுப்போன ஆயிரமாயிரம் சிறு குட்டைகள் உண்டு. வட அமெரிக்க வாத்துகளில் பெரும்பங்கு அங்கேதான் முட்டையிடும். உழவருக்கு அவை டிராக்டர் சுற்றிப்போக வேண்டிய ஈரத்துண்டு. வடிகால் வெட்டு, செலவில் பங்கு தருகிறோம் என்றது அரசு. 1962-இல்தான் இரண்டு டகோட்டாக்களிலும் மின்னசோட்டாவிலும் அந்த உதவிக்குக் கடிவாளம் விழுந்தது. 1987-இல் மீன், வனவிலங்குத் துறை அதே வட்டாரத்தில் உழவர்களின் வாசலுக்குப் போய், வடிகாலை அடைத்துக் குட்டையை மீட்டுத் தருகிறோம், செலவு எங்களோடது, பத்து வருடமாவது அப்படியே விட்டு வையுங்கள் என்று கேட்கத் தொடங்கியது. அது வளர்ந்து தனியார் நிலத்தில் வனவிலங்குக்கான கூட்டாளித் திட்டமானது, 2006-இல் தனிச் சட்டமும் கிடைத்தது. ஒரு தலைமுறை பணம் கொடுத்து வெட்டியதை அடுத்த தலைமுறை பணம் கொடுத்து மூடியது.

பணமும் அறிவும் ஒரே கையெழுத்தில் சேர்ந்தது 1956-இல், பெருஞ்சமவெளியின் பத்து மாநிலங்களுக்கென்று வந்த திட்டத்தில். மீண்டும் வறட்சி, மீண்டும் புழுதி, அப்போதுதான் விழிப்பு. உழவர் முதலில் மண் பாதுகாப்புப் பணியகத்து ஆளோடு சேர்ந்து முழுப் பண்ணைக்கும் ஒரு திட்டம் போட வேண்டும். அந்தத் திட்டத்துக்கு மூன்று முதல் பத்து வருடம் வரை செலவுப் பங்கு உறுதி. அடுத்த வருட பட்ஜெட்டில் என்ன வெட்டினாலும் இந்த ஒப்பந்தத்தைத் தொடாது. சின்னத் திட்டம்தான். என்றாலும் இன்றைய ஒப்பந்தங்களின் எலும்புக்கூடு அதில் முழுதாக இருக்கிறது. நாடு முழுவதற்கும் அந்த இணைப்பு வர இன்னும் நாற்பது வருடம் ஆயிற்று. 1994-இல் பென்னட்டின் பணியகம் இயற்கை வளப் பாதுகாப்புப் பணியகம் என்று பெயர் மாறியது. 1996 சட்டத்தில் பழைய செலவுப்பங்கு மானியங்களை ஒன்றாக்கிச் சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம் வந்தபோது பணத்தின் பொறுப்பும் அதன் கைக்கு வந்தது.

இடையில் 1985 சட்டம் இன்னொரு வகையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 வருடத்துக்கு உழாமல் விட்டால் அரசு வருடக் குத்தகை தரும், புல்லோ மரமோ வைக்க ஆகும் செலவில் பாதியும் தரும். 2007-இல் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் அப்படிப் புல்லாகக் கிடந்தது. பறவைகள் பெருகின, ஓடைகள் தெளிந்தன. பிறகு மக்காச்சோளத்தில் எரிபொருள் எடுக்கும் கொள்கை வந்தது, விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்ததும் ஏர் திரும்பியது. பத்து வருடத்துக்குள் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் கணக்கிலிருந்து போய்விட்டது. வாடகைக்கு எடுத்த பாதுகாப்புக்கு வாடகையின் ஆயுள்தான். நிரந்தர உரிமை ஒப்பந்தம் என்ற வழியும் உண்டு, 1990 சட்டம் சதுப்பு நிலங்களுக்கு அதைக் கொடுத்தது. ஆனால் பேரப்பிள்ளைகளையும் கட்டும் பத்திரத்தில் கையெழுத்திட எல்லாருக்கும் மனம் வராது.

சில இடங்களில் உழவர் கேட்டது பணமே அல்ல. வட கரோலினாவின் மணற்குன்றுப் பகுதியில், பென்னட்டின் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, நீண்ட ஊசியிலைப் பைன் காடுகளில் சிவப்புக் கன்ன மரங்கொத்தி வாழ்கிறது. முதிர்ந்த மரம்தான் அதற்கு வேண்டும். அந்தப் பறவை தன் நிலத்தில் குடியேறினால் சட்டம் கையைக் கட்டிவிடும் என்று பயந்த உடைமையாளர்கள் மரம் முதிரும் முன்பே வெட்டினார்கள். 1995-இல் அங்கே பாதுகாப்பான துறைமுகம் என்ற ஒப்பந்தம் பிறந்தது. இன்றிருக்கும் பறவைகளுக்கு நீங்கள் பொறுப்பு, உங்கள் நல்ல பராமரிப்பால் கூடுதலாக வரும் பறவைகளுக்காகக் கூடுதல் கட்டுப்பாடு இல்லை என்று அரசு எழுதிக் கொடுத்தது. அந்த எழுத்துக்குப் பிறகு பலர் மரத்தை முதிர விட்டார்கள்.

லியோபோல்ட் பின்னால் சொன்னதற்கு வருகிறேன். 1940-களில் எழுதி, இறந்த பிறகு வெளிவந்த நூலில் அவர் இந்த ஏற்பாட்டின் மேல் வைத்த விமர்சனம் கடுமையானது. ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் உழவர்கள் தங்களுக்கு உடனடியாக லாபம் தந்த பழக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள், மற்றதைக் கைவிட்டார்கள் என்றார். 1937-இல் விஸ்கான்சின் சட்டம், உங்கள் நிலப் பயன்பாட்டுக்கு நீங்களே விதி எழுதுங்கள், உதவி தருகிறோம் என்றது. பத்து வருடமாகியும் ஒரு கவுண்டிகூட ஒரு விதியும் எழுதவில்லை. காசும் சுண்ணாம்பும் கொடுத்தோம், நிலத்தின் மேல் கடமை உண்டு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை என்பது அவருடைய மனக்குறை.

அவருடைய கண் பட்ட இடத்தில் குறை இருந்தது உண்மை. ஆனாலும் கூன் ஓடையை அளந்தவர்களின் கணக்கும் இருக்கிறது. புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் பல பத்தாண்டுகளாக அந்தப் பள்ளத்தாக்கின் வண்டலைத் துளைத்து அளந்தார். 1930-களுக்குப் பிறகு சரிவிலிருந்து இறங்கும் மண் பெரிதும் குறைந்ததை அவருடைய ஆய்வுகள் காட்டின. டிரவுட் திரும்ப வந்தது. வளைந்த பட்டைகள் பல பண்ணைகளில் பிள்ளைகள் காலத்திலும் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நீடித்தன, ஒப்பந்தம் எப்போதோ காலாவதியான பிறகும். லாபத்துக்காகவே வைத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், லாபமும் மண்ணும் ஒரே பக்கம் நிற்கும்படி வயலை வரைந்து கொடுத்தது அன்றைக்கு உழவரோடு சேர்ந்து நடந்தவர்களின் திறமை. கடமையுணர்வு வரும்வரை மண் காத்திருக்காது. இந்த வழக்கில் நான் லியோபோல்டை மதித்துக்கொண்டே உழவரின் பக்கம் நிற்கிறேன்.

2018 ஆகஸ்டில் அந்த வட்டாரத்தில் பேய்மழை பெய்தது. கூன் ஓடையிலும் பக்கத்துக் கிக்கப்பூ ஆற்றின் மேற்குக் கிளையிலும் ஐந்து தடுப்பணைகள் உடைந்தன. 1954-இல் வந்த நீர்ப்பிடிப்புச் சட்டத்தின் உதவியோடு, மேட்டிலேயே வெள்ளத்தைப் பிடித்து மெல்ல விடக் கட்டிய மண் அணைகள் அவை. கரைகளைத் தாங்கிய குன்றின் மணற்பாறை விரிசல்வழியே தண்ணீர் புகுந்து அரித்துவிட்டது. மீதமிருப்பவற்றின் தோள்களும் அதே பாறையில்தான் சாய்ந்திருக்கின்றன. அணைகளைத் திருத்திக் கட்டுவதைவிட அகற்றிவிடுவதே நல்லது என்ற முடிவுக்கு ஆய்வு வந்தது. பால் பண்ணைகள் குறைந்து, புல் இருந்த இடத்தில் மக்காச்சோளமும் சோயாவும் ஏறிக்கொண்டிருக்கும் காலம் இது. மழையும் முன்னைவிடக் கனமாக விழுகிறது. அணை போனால் அந்தத் தண்ணீரை நிறுத்திவைக்கச் சரிவு நிலம் மட்டும்தான் மிச்சம், அது பல நூறு குடும்பங்களின் சொந்த நிலம்.

பள்ளத்தாக்கின் உழவர்களும் ஊர்க்காரர்களும் இப்போது தாங்களே கூடிப் பேசுகிறார்கள், ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்க்கிறார்கள். உதவிக்கான பணம் 1933-ஐவிடப் பல மடங்கு அதிகம். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் அதிகம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கூடிய காகிதங்களை நிரப்பவே கவுண்டி அலுவலகத்துத் திட்டமிடுபவரின் பெரும்பொழுது போகிறது. புதிதாக ஒதுக்கும் நிதியில் முதல் பங்கை அப்படிப்பட்ட ஆட்களை வேலைக்கு எடுக்கவும், அவர்கள் ஒரே இடத்தில் பத்து வருடம் தங்கி அந்த மண்ணைப் பழகவும் கொடுக்க வேண்டும் என்பேன். மேட்டுச் சரிவில் மக்காச்சோளம் வேண்டாம் என்று இன்று சொல்பவர், அந்தக் குடும்பத்தின் வரவு இனி எதிலிருந்து வரும் என்பதையும் அதே வயலில் நின்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும்.